சிரிப்பொலியும் சேர்ந்த பாட்டு

நகைச்சுவைப் பாட்டொன்று மேடையிற் பாடப்படும்பொழுது அதனைப் பாடுவோர் எத்தனை பேர்? வாய் திறந்து பாடுபவர் ஒருவர். கிற்றார் மீட்டுபவர், மேளம் தட்டுபவர், தாளம் போடுபவர் என அவரைச் சுற்றி நிற்பவர் நால்வர் அல்லது ஐவர். இவ்வளவோடு கணக்கை முடித்துக்கொள்பவர் ஒரு பெருங்கூட்டத்தை மறந்துவிடுகின்றார். எதிரே மணலில் அமர்ந்திருக்கும் சபையும் அப்பாட்டிற் பங்கு கொள்கின்றது. பாடகர் ஓரடியைப் பாடி நிறுத்துகின்றார், சபை சிரிக்கின்றது, அச்சிரிப்பு அடங்கும் தறுவாயில் அடுத்த அடி எழுகின்றது. அடி முந்திவிட்டால் சிரிப்பு அடைபட்டுப் போகும். அடி பிந்திவிட்டால் சிரிப்பு ஆறிப் போகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தை அறிந்து பாடுவதே நகைச்சுவை இசையின் உயிர்நிலை.

இவ்வுயிர்நிலை ஒலிப்பதிவு அறையிற் கிடைப்பதில்லை. அங்கே நான்கு சுவர்களும் ஓர் ஒலிவாங்கியுமே சபையாக அமைகின்றன. சுவர் சிரிப்பதில்லை. ஆகவே அறையிற் பதிவான இசைத்தட்டில் பாட்டு உண்டு. பாட்டிற்குக் கிடைத்த மறுமொழி இல்லை. மேடையில் நேரடியாகப் பதிவான ஒலிநாடாவிலோ பாட்டும் மறுமொழியும் ஒருங்கே இருக்கின்றன. நாடாவின் ஒலி கரகரக்கலாம். பாடகரின் குரல் ஒலிவாங்கியை விட்டு விலகி மங்கலாம். எங்கோ ஒரு குழந்தை அழலாம். இக்குறைகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அதனைக் கேட்க வேண்டியதன் காரணம், பாட்டு முழுமையாக இருக்கும் இடம் அதுவே என்பதாகும். இதனை ஈழத்துத் தமிழிசை வரலாற்றிலிருந்தும் உலக இசை வரலாற்றிலிருந்தும் எடுத்துக்காட்டலாம்.

வன்னிப் பெருநிலத்தின் நடுவே, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது ஒட்டுசுட்டான். முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் வயல்களும் காடும் சூழ்ந்த ஊர் அது. அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் ஆலயம் அவ்வட்டாரம் முழுவதற்கும் தாய்க்கோயில் போன்றது. குரக்கன் அறுத்த பின்பு எஞ்சி நின்ற ஒட்டுக்கு உழவர் ஒருவர் தீயிட்டார் என்றும், ஓரிடத்தை மாத்திரம் தீ தீண்டவில்லை என்றும், ஆங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும் ஐதிகம் கூறும். ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆயிற்று. வேகாத இடம் வேகாவனம் எனப் பெயர் பெற்றது. இவ்வாறு தன் பெயரிலேயே ஒரு கதையைச் சுமந்து நிற்கும் ஊர்கள் சிலவே.

மின்விளக்கும் பெரிய மண்டபமும் இல்லாத காலத்திலும் வன்னி ஊர்களுக்குக் கலையரங்கம் இருந்தது. கோயில் வீதியே அவ்வரங்கம். பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் இரவில் பாயும் போர்வையும் கொண்டு வந்து வீதி மணலில் அமர்வர். கூத்து விடியும் வரை நடக்கும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலை முன்னிட்டு வளர்ந்த முல்லைத்தீவுக் கோவலன் கூத்து இவ்வகையிற் புகழ் வாய்ந்தது. அறுவடைக் காலத்தில் அருவிவெட்டுப் பாடல்களும், பயிரை அழிக்க வரும் காட்டுப்பன்றியையும் குருவியையும் பாடுபொருளாகக் கொண்ட பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு என்பனவும் இம்மண்ணின் செல்வங்கள். உழவனின் பகையாகிய பன்றிக்கே ஒரு பள்ளு பாடிய மக்கள் நகைச்சுவை அறியாதவர்களாக இருத்தல் இயலாது.

கூத்திலே அரசனும் அரசியும் துயருறும் வேளையிலும் கட்டியகாரனோ கோமாளியோ இடையே வந்து சபையைச் சிரிக்க வைப்பதுண்டு. இசைநாடகத்தில் அப்பணி பபூனுக்கு உரியது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் வசந்தகான சபா நடித்த மயான காண்டத்தைக் கண்டு கண்ணீர் விட்ட தலைமுறையினர், அதே இரவில் பபூனைக் கண்டு சிரித்தவர்களும் ஆவர். கோமாளியின் பேச்சுப் பெரும்பாலும் ஏட்டில் இல்லாதது. அன்றைய ஊர்ச் செய்தி, முன்வரிசையிலிருக்கும் பெரியவரின் தலைப்பாகை, பெய்யாமற் போன மழை ஆகிய எதுவும் அவன் வாயிற் பாட்டாகும். ஆகவே அண்ணாவியாரின் ஏட்டுப் பிரதி கூத்தின் பாட்டைக் காப்பாற்றிற்று, கோமாளியைக் காப்பாற்றவில்லை. எழுத்துக்கு அகப்படாத அவன், ஒலிப்பதிவு தோன்றும் வரை இரவோடிரவாக மறைந்து போய்க்கொண்டே இருந்தான்.

வில்லிசையின் அமைப்பும் இங்கு நோக்கத்தக்கது. நடுவே பெரிய வில். அதன் நாணில் மணிகள். பக்கத்தில் உடுக்கும் குடமும் தாளமும். கதை சொல்பவர் ஒருவர்; அவர் சொல்வதை ஆமோதித்தும் கேள்வி கேட்டும் சில வேளைகளில் வேண்டுமென்றே தவறாக விளங்கிக்கொண்டும் குறுக்கிடுபவர் மற்றொருவர். அக்குறுக்கீட்டாளர் சபையின் பிரதிநிதி. சபையினர் கேட்க நினைப்பதை அவர் கேட்கின்றார். சபையினர் சிரிப்பதற்கு முன்பாக அவர் சிரிக்கின்றார். தமிழகத்திற் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையைத் தற்காலப் பொருள்களுக்குப் பயன்படுத்தினார். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த 'நல்லதம்பி' திரைப்படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், பழைய கதாகாலட்சேப வடிவத்தைக் கொண்டே புதிய கல்வியின் பெருமையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அவரை முன்மாதிரியாகக் கொண்ட ஈழத்துக் கலைஞர் சின்னமணி அவர்கள் தமது குழுவிற்குக் கலைவாணரின் பெயரையே சூட்டி, 2015ஆம் ஆண்டில் மறையும் வரை வில்லிசைப் புலவராக விளங்கினார். வடக்கிலும் கிழக்கிலும் கோயில் வீதிகளில் அவர் குரலைக் கேட்டோர் எண்ணற்றோர். சபையின் சிரிப்பை நீக்கிவிட்டு அவ்வில்லிசையைக் கேட்பது எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், நேரடிப் பதிவின் அருமை விளங்கும்.

நிகழ்ச்சியை நிகழும் இடத்திலேயே பதிவு செய்யும் முயற்சி மிகப் பழையது. நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் ஒப்பரா அரங்கில் நூலகராகப் பணியாற்றிய லயனல் மேப்பிள்சன் என்பவர், 1901ஆம் ஆண்டு முதல் 1903ஆம் ஆண்டு வரை, மெழுகு உருளைகளில் அங்கு நடைபெற்ற இசை நிகழ்ச்சிகளின் துணுக்குகளைப் பதிந்தார். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிப்பது. ஒலியும் பெருமழைக்கு அப்பாலிருந்து கேட்பது போன்றது. எனினும் பாடகர் ஓர் உச்ச சுரத்தைத் தொட்டவுடன் சபையினர் எழுப்பும் ஆரவாரம் அவ்வுருளைகளில் இன்றும் கேட்கின்றது. அதே பாடகர்கள் அக்காலத்தில் ஒலிப்பதிவு அறைகளிற் பாடிய தட்டுகளில் அந்த ஆரவாரம் இல்லை.

அறைப் பதிவே நெடுங்காலம் கோலோச்சியதற்குக் காரணம் கருவியின் வரம்பாகும். பத்து அங்குல விட்டமுள்ள, நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். மேடையில் அரை மணி நேரம் நீண்டு, நடுவே பகிடியும் கதையும் கலந்து வரும் பாட்டை அதில் அடக்குதல் இயலாது. 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியில் காட்சிக்கு வந்த காந்த ஒலிநாடாக் கருவி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகெங்கும் பரவியது. 1948ஆம் ஆண்டில் நெடுநேர இசைத்தட்டு வந்தது. நிகழ்ச்சி முழுவதையும் இடையறாது பதிவதும் அதனைத் தட்டாக வெளியிடுவதும் அதன் பின்னரே எளிதாயின. பெனி குட்மன் என்னும் அமெரிக்க ஜாஸ் இசைஞர் 1938ஆம் ஆண்டில் கார்னகி மண்டபத்தில் நடத்திய கச்சேரி, 1950ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டாக மக்கள் கைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அச்சபையின் கைதட்டல் பழமைப்படவில்லை.

இலங்கையில் 1925ஆம் ஆண்டில் ஆரம்பமான வானொலி, 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. 1967ஆம் ஆண்டில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. கோயில் திருவிழாக்களை நேர்முக வருணனையாக அஞ்சல் செய்யும் வழக்கம் தமிழ்ச் சேவைக்கு உண்டு. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் மேளத்தையும் நாகசுரத்தையும் மாத்திரம் கேட்பதில்லை. அரோகரா ஒலியையும் கற்பூரம் விற்பவரின் குரலையும் சேர்த்தே கேட்கின்றார். சூழ்நிலையும் நிகழ்ச்சியின் ஓர் உறுப்பே என்பதை வானொலி நேயர்கள் நெடுங்காலமாகவே அறிவர்.

இந்நாட்டு மெல்லிசையில் மேடைப் பகிடிக்கு மற்றொரு ஊற்றும் உண்டு. 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆட்டமும் பாட்டும், அவர்களோடு வந்த ஆபிரிக்க மரபினரின் தாளமும் கலந்து பைலா பிறந்தது. நடனமாடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே அதன் பெயருக்கு மூலம். பொலிஸ் சேவையில் இருந்தவராகிய வாலி பஸ்தியான் அதனைச் சிங்கள மொழியில் மேடைக்கேற்ப வளர்த்தார். நவீன பைலாவின் தந்தை என்று அவரைப் போற்றுவர். வாத பைலா என்பது அதன் ஒரு வகை. இரு பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த பொருளைப் பற்றி அவ்வவ்விடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் மடக்குவர். வெற்றியை நடுவர் அறிவிப்பர். ஆனால் அதற்கு முன்பே சபையின் சிரிப்பு அறிவித்துவிடும். கூத்துத் தருக்கத்தையும் காவடிக்கு முன்னே பாடும் எதிர்ப்பாட்டையும் அறிந்த தமிழருக்கு இது அயலாகத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியிற்றான் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை தோன்றி வளர்ந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்தில் கிற்றாரை எடுத்துத் தமிழிற் பாடத் தொடங்கினார். பாட்டை எழுதியவரும் இசை வகுத்தவரும் பாடியவரும் அவரே. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் பாட்டு மதுவிலக்கைப் போதிப்பது. ஆயினும் போதனை செய்பவரின் முகத்தோடு அது பாடப்படவில்லை. கள்ளுக்கடைக்கு நாள்தோறும் செல்பவனும் சிரித்துக்கொண்டே கேட்கக்கூடிய போதனை அது. 'சின்ன மாமியே' என்னும் பாட்டில் மருமகன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவுகின்றான். மாமி விடை கூறுகின்றாள். கூத்திலே வழங்கும் வினாவிடைத் தருக்கம் யாழ்ப்பாணப் பேச்சு மொழியில் கிற்றாரோடு இணைந்து வந்தமையே அப்பாட்டின் புதுமை.

ஏ. ஈ. மனோகரன் பொப் இசைச் சக்கரவர்த்தி எனப் பட்டம் பெற்றவர். தமிழகத்தார் அவரைச் சிலோன் மனோகர் என்று அழைத்தனர். அவர் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கைகோத்துச் செல்லும் பாட்டு. சிங்களப் பெண் ஒருத்தியின் பெயரும் மீன் கொண்டுவந்த செய்தியும் அதன் பொருள். அதன்கண் ஆழ்ந்த தத்துவம் எதுவுமில்லை. ஆனால் இரு மொழியினரும் ஒரே கணத்தில் சிரித்துக் கைதட்டக்கூடிய ஓரிடம் அதில் உண்டு. அது கடல் கடந்து சென்று, 1977ஆம் ஆண்டில் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பிலும் ஒலித்தது. மனோகரன் 2018ஆம் ஆண்டு சனவரி மாதம் சென்னையிற் காலமானார்.

இப்பாடகர்களின் இசைத்தட்டுகளை வானொலி நேயர்கள் பலமுறை கேட்டிருப்பர். அவற்றிலே பாட்டின் சொற்கள் தெளிவாக உண்டு; மெட்டும் தாளமும் பிழையின்றி உண்டு. ஆனால் மேடையில் அப்பாட்டு இவ்வாறு மூன்று நிமிடத்தில் முடிவதில்லை. மாமியின் விடைக்குப் பின்னே பாடகர் சற்று நிற்பார்; சபையிலிருந்து ஒருவர் மாமிக்கு மறுமொழி சொல்வார்; பாடகர் அதனைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஓரடி பாடுவார்; கிற்றார்க்காரர் அவ்வடிக்கேற்பத் தாளத்தைத் திருப்புவார். கள்ளுக்கடைப் பாட்டிற்குச் சபையின் பின்வரிசையே பல்லவி பாடும். இவை எவையும் தட்டில் இல்லை. தட்டை மாத்திரம் கேட்டு ஈழத்துப் பொப் இசையை எடை போடும் விமரிசகர், அதனை எளிய மெட்டுகளின் தொகுதி என்று ஒதுக்கிவிடுதல் கூடும். ஒதுக்கியவர்களும் உண்டு. இழப்பு பாடகருக்கு மாத்திரம் உரியதன்று. சிரித்த மக்களின் வரலாறும் அதனோடு ஒதுக்கப்பட்டுவிடுகின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்ட ஒருவர் அமெரிக்க றொக் இசை உலகில் இருந்தார். அவர் பெயர் பிராங் சப்பா. 'மதர்ஸ் ஒவ் இன்வென்சன்' என்பது அவர் நடத்திய இசைக்குழுவின் பெயர். தேவையே கண்டுபிடிப்பின் தாய் என்னும் ஆங்கிலப் பழமொழியை நினைவூட்டும் அப்பெயர் குழுவின் இயல்புக்குப் பொருத்தமானது. 1966ஆம் ஆண்டில் அவர்களின் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. சாஸ்திரிய இசையின் கடினமான தாளக் கட்டும், தெருப் பாட்டின் கேலியும், ஜாஸ் இசையின் கற்பனையும் அக்குழுவின் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வரும். நகைப்பதற்கென்று இசையை அவர்கள் எளிமைப்படுத்தவில்லை. கடினமான இசையை நகைப்போடு வாசித்தனர்.

1967ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் கரிக் அரங்கில் அக்குழு மாதக்கணக்காகத் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியது. சிறிய அரங்கு, சபையினரை மேடைக்கு அழைப்பதும் அவர்களையே நிகழ்ச்சியின் பொருளாக்குவதும் அங்கு வழக்கமாயின. சப்பா தமது இசைஞர்களுக்குக் கைச்சைகைகளைப் பழக்கி வைத்திருந்தார். ஒரு சைகை காட்டினால், வாசித்துக்கொண்டிருக்கும் பாட்டு அந்த இடத்திலேயே வேறொரு நாட்டுத் தாளத்திற்கு மாறும். மற்றொரு சைகைக்கு எல்லோரும் ஒருங்கே கூச்சலிடுவர். இதனால் ஒரே பாட்டு இரண்டு இரவுகளில் ஒரே விதமாக அமைவதில்லை. நம் நாட்டுக் கூத்தில் அண்ணாவியார் தாளக்கட்டையினால் ஆட்டத்தைத் திருப்புவதை நினைவுகூர்வோருக்கு இதன் சுவை இலகுவில் விளங்கும்.

ஒவ்வோர் இரவும் வேறுபடும் இசையை ஒருமுறை அறையிற் பதிந்து முடித்துவிட முடியாது என்பதனாலேயே சப்பா தமது மேடை நிகழ்ச்சிகளை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்தார். 1973ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஹொலிவூட்டிலுள்ள றொக்சி அரங்கில் நடைபெற்ற கச்சேரிகள், 1974ஆம் ஆண்டில் 'றொக்சி அன்ட் எல்ஸ்வெயர்' என்னும் இரட்டை இசைத்தட்டின் பெரும்பகுதியாயின. அதில் ஓரிடத்தில், வாசித்தற்கரிய ஒரு சிக்கலான இசையின் நடுவே, சபையிலிருந்து சிலரை மேடைக்கு அழைத்து அதற்கேற்ப ஆடச் சொல்கின்றார் சப்பா. பயிற்சி பெற்ற இசைஞரே தடுமாறும் தாளத்திற்குப் பயிற்சியில்லாதவர் ஆட முயல்கின்றனர். கேட்பவருக்கு ஆட்டம் தெரிவதில்லை. ஆயினும் சிரிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஆட்டத்தைக் காண முடிகின்றது. கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குக் காட்டும் வித்தை வானொலி நாடகத்திற்கும் நேரடிப் பதிவுக்கும் பொதுவானது.

1988ஆம் ஆண்டு முதல் 1992ஆம் ஆண்டு வரை, தமது பல்லாண்டு மேடைப் பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆறு தொகுதிகளை அவர் வெளியிட்டார். 1993ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இங்கு ஒரு நுட்பமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் றொக்சித் தட்டில் எல்லாமே மேடையில் ஒலித்தவையல்ல. சில பகுதிகள் பின்னர் அறையில் சேர்க்கப்பட்டவை. 2018ஆம் ஆண்டில் அக்கச்சேரிகள் ஏழு தட்டுகளாக விரிவாக வெளிவந்தபோது, எது மேடையிற் பிறந்தது, எது பின்னர் ஒட்டப்பட்டது என்பதை ஒப்பிட்டுக் காண வழி பிறந்தது. வெட்டித் திருத்திய தட்டு இனிமையானது. வெட்டாத பதிவு சான்றாவது. இரண்டும் வேண்டும். ஆனால் வெட்டாத பதிவு கையிலிருந்தால் மாத்திரமே வெட்டியதன் திறமையும் புலப்படும்.

ஆகவே நேரடிப் பதிவைக் கேட்கும் முறையும் சற்றுப் பயிலத்தக்கது. முதலாவதாக, பாட்டின் மௌனங்களைக் கவனித்தல் வேண்டும். பாடகர் எங்கே நிறுத்துகின்றார், எத்தனை மாத்திரை நிறுத்துகின்றார் என்பதிலே அவர் சபையை எவ்வளவு அறிந்தவர் என்பது வெளிப்படும். இரண்டாவதாக, சிரிப்பின் வகையைக் கவனித்தல் வேண்டும். முன்வரிசை மாத்திரம் சிரித்தால் பகிடி ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றியதாயிருக்கலாம். பெண்கள் பக்கம் முதலிற் சிரித்தால் அது வீட்டுச் செய்தியாயிருக்கலாம். எல்லோரும் ஒருங்கே சிரித்தால் அது எல்லோருக்கும் தெரிந்த துன்பமாயிருக்கலாம். மூன்றாவதாக, தவறுகளைக் கவனித்தல் வேண்டும். கிற்றாரின் தந்தி அறுந்த வேளையிலும் ஒலிபெருக்கி நின்ற வேளையிலும் பாடகர் சொன்ன சொல்லே பல வேளைகளில் அன்றைய சிறந்த நகைச்சுவையாகிவிடும். அறைப் பதிவிலே தந்தி அறுந்தால் மறுபடி பதிவர். மேடையிலே தந்தி அறுந்தால் புதுப் பாட்டுப் பிறக்கும்.

இவ்வளவு சிறப்புடைய மேடைப் பதிவுகள் நம் நாட்டில் எங்கே உள்ளன என்னும் வினா இயல்பாக எழும். 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெற் நாடா, 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் ஊர்ப்புறங்களிலும் பரவிற்று. ஒலிப்பதிவு நிலையத்தின் தயவின்றி எவரும் எதையும் பதிவு செய்யலாம் என்னும் நிலை அதனால் உருவாயிற்று. திருவிழாவிற் பாடிய இசைக்குழு, பாடசாலை மண்டபத்தில் நடந்த வில்லிசை, கலியாண வீட்டில் கிற்றாரோடு பாடிய இளைஞர் குழு என அனைத்தும் கசெற்றில் ஏறின. பெட்டியின் மேல் ஊர்ப் பெயரையும் நாளையும் பேனாவால் எழுதி வைத்தவர்கள், தாம் வரலாற்றாசிரியர் ஆனதை அறியவில்லை.

பின்னர்ப் போர் வந்தது. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர், நாடாவும் கேட்டனர். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் தளரும். கை விரைந்தால் குரலும் கீச்சிடும். சிரிக்க விரும்பிய மக்கள் அச்சிரிப்பைக் கைவலியால் விலைக்கு வாங்கினர் என்று கூறின் அது மிகையாகாது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் ஒட்டுசுட்டானைக் கடந்து கிழக்கே நகர்ந்தது. வன்னி மக்கள் இடம்பெயர்ந்து, மீண்டும் இடம்பெயர்ந்து, இறுதியில் வவுனியா முகாம்களை அடைந்தனர். வீட்டுப் பொருள்களை வழிநெடுகக் கைவிட்டவர்கள் கசெற் பெட்டிகளை எவ்வாறு சுமப்பர்? உயிரைச் சுமப்பதே பெரும்பாடாயிற்று. திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை. நாடா எங்கே இருக்கும்?

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டு நடப்பட்டது. அது வென்றவர் தரப்பு எழுதிய வாசகம். தோற்ற பக்கத்தார் அன்று பேசியதும் பாடியதும் எந்தக் கல்லிலும் இல்லை. மக்கள் நாவிலே எஞ்சியவற்றைக் கொண்டே பிற்காலத்தில் நாடகங்கள் எழுந்தன. கல்லில் எழுதத் தகுதியானவை போரும் வெற்றியும் மாத்திரமே என்று கருதிய காலம் அது. ஒரு மக்கட்கூட்டம் எதைக் கேட்டுச் சிரித்தது என்பதும் எழுதத் தகுந்ததே என்பதை ஒலிப்பதிவு நமக்குக் கற்பித்திருக்கின்றது. அப்பாடத்தைக் கற்ற பின்னரும் எஞ்சிய நாடாக்களை அழியவிடுதல் தகாது.

எஞ்சியவை இல்லாமலுமில்லை. போருக்கு முன்பே புலம்பெயர்ந்தோர் தம்மோடு கொண்டு சென்ற கசெற்றுகள் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் முதலிய நகரங்களில் அலமாரிகளின் அடித்தட்டில் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உறவினர் வீடுகளில் சில இருக்கக்கூடும். காந்த நாடா நெடுங்காலம் வாழ்வதன்று. வெப்பமும் ஈரமும் அதன் பூச்சை உதிர்த்துவிடும். பூஞ்சணம் படிந்த நாடா ஒருமுறை ஓடினாலே அறுந்துவிடலாம். 2005ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம ஆவண முயற்சி, ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றது. வைத்திருப்பவர் கொடுத்தாலன்றி எந்த ஆவணகமும் எதையும் காக்க இயலாது.

கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நாடாவில் எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் குழு என்பதை நினைவிருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அம்மூத்தவரின் நினைவும் நாடாவைப் போலவே தேய்வது. படி எடுக்கும்பொழுது நாடாவின் இரு பக்கங்களையும் தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒலியைச் சுத்தம் செய்கின்றோம் என்று கருதிச் சபையின் இரைச்சலை நீக்கிவிடுதல் ஆகாது. இன்றைய கருவிகளைக் கொண்டு பாடகரின் குரலை மாத்திரம் தனியே பிரித்தெடுப்பது எளிது. எளிதாயிருப்பதனாலேயே அபாயமும் பெரிது. கரகரப்பென்று நீக்கப்படும் ஒலிக்குள்ளே ஒரு தாயின் சிரிப்பும் ஒரு கிழவரின் இருமலும் பின்வரிசைப் பையன் ஒருவன் பாடகருக்குச் சொன்ன மறுமொழியும் அடங்கியிருக்கலாம். அச்சபையிலிருந்தோரில் எத்தனை பேர் இன்று உயிரோடிருக்கின்றனர் என்பதை எண்ணுவோர், அவ்வொலியை இரைச்சல் என்று சொல்லத் துணியார்.

ஒட்டுசுட்டான் கோயில் வீதியில் அமர்ந்து சிரித்தவர்களுக்குக் கல்வெட்டில்லை. நூல்களில் அவர்களின் பெயருமில்லை. அவர்கள் மகிழ்ந்திருந்தனர் என்பதற்கு எஞ்சக்கூடிய சான்று, யாரோ ஒருவர் மேடையின் ஓரத்தில் வைத்த ஒலிப்பதிவுக் கருவிக்குள் அகப்பட்ட சிரிப்பொலியே. பாட்டைக் காப்பாற்றுவோர் அச்சிரிப்பையும் சேர்த்தே காப்பாற்றுவாராக.